அப்பாவோடு ஜெய்சல்மேர்: பாலைவன தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

வெள்ளகோவில்_தேவி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஜனவரிக் கடைசியில் அப்பாவை ராஜஸ்தானுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். அப்பாவுக்கு 71 வயது. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்களுக்கு எட்டு ஏக்கர் கொறங்காடு, அதாவது ஆடு மாடு மேயும் புல்காடு, இருக்கிறது. முப்பது செம்மறி, இரண்டு எருமை. பழனி, திருப்பதி தாண்டி அவர் எங்கும் போனதில்லை. பட்டியை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பதே ஒவ்வொரு தடவையும் தடையாக நின்றுவிடும். இந்த முறை சித்தப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். பட்டிப் பொங்கல் முடிந்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்பது அப்பாவின் ஒரே நிபந்தனை.

ராஜஸ்தான் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் ஒரு பறவை. போன வருஷம் பேப்பரில் கானமயில் படம் வந்திருந்தது. அப்பா அதைக் கத்தரித்து மாட்டுச்சாளைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். "எங்கப்பாரு சொல்லுவாரு, காட்டுக்குள்ள ஆளு கணக்கா நிமிர்ந்து நடக்கற பட்சி ஒண்ணு இருந்துச்சுன்னு. இதுவா இருக்குமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு அவரை இங்கேயே உட்கார வைத்திருக்க மனசில்லை.

இங்கே ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், ஐந்து நாள். சம் என்ற ஊரின் மணல்மேட்டில் கூடாரம், ஒட்டகச் சவாரி, இரவு ஆட்டம் பாட்டு. தேசியப் பூங்கா எங்கே என்று கேட்டால், "அங்கே பார்க்க ஒன்றுமில்லை மேடம், வெறும் புல்" என்கிறார்கள். உண்மையா? அப்பாவுக்கு முட்டி வலி உண்டு, கோட்டை ஏற முடியுமா? குளிர் எப்படி? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

உடுமலை_காத்தாடி எழுதியது:

அம்மணி, அவர்கள் சொன்னது உண்மைதான், அங்கே இருப்பது புல். அந்தப் புல்லுக்காகவேதான் உங்கள் அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நான் காற்றாலை சர்வீஸ் வேலை செய்கிறவன். உடுமலை, பூளவாடி பக்கம் காத்தாடி ஏறித்தான் தொழில் பழகினேன். அப்புறம் இரண்டு வருஷம் ஜெய்சல்மேரில் இருந்தேன். போய் இறங்கிய முதல் வாரம் எனக்குப் பெரிய ஏமாற்றம். பாலைவனம் என்றால் கண்ணுக்கு எட்டிய வரை மணல்மேடு என்று நினைத்திருந்தேன். ஜெய்சல்மேரைச் சுற்றி மணல்மேடு கொஞ்சம்தான். மீதியெல்லாம் கல்லும் சரளையும் புல்லும். மூலனூரிலிருந்து வெள்ளகோவில் வரும் வழியில் கோடையில் பார்த்தால் எப்படி இருக்குமோ, அதை இன்னும் பத்து மடங்கு காய வைத்தது போல இருந்தது. அங்கே வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல வருஷம்.

பூங்காவைப் பற்றிச் சொல்கிறேன். பாலைவன தேசியப் பூங்கா ஜெய்சல்மேர், பார்மேர் இரண்டு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. 3,162 சதுர கிலோமீட்டர். உள்ளே ஊர்கள் இருக்கின்றன, ஆடு மாடு மேய்கிறது. நாம் பார்க்கப் போகும் இடம் சுதாசரி. டவுனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கம்பி வேலி போட்டு மேய்ச்சலை நிறுத்தி, புல்லை வளரவிட்ட இடம் அது. அங்கே சேவண் என்று ஒரு புல், தூர் கட்டி இடுப்பளவு நிற்கும். அதோடு நம் கொழுக்கட்டைப் புல்லும் இருக்கிறது. அவர்கள் தாமண் என்கிறார்கள். எங்கள் அம்மா ஊர் காங்கேயம் பக்கம், சின்ன வயதில் அந்தக் கதிரை உருவிக் கையில் வைத்து விளையாடியவன் நான். ஆயிரத்தைநூறு மைலுக்கு அப்பால் அதே கதிரைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குக்குலு என்று ஒரு புதரும் உண்டு, நம் வேலிக் கிளுவையின் பங்காளி. உங்கள் அப்பா என்னைவிட அதிகம் கண்டுபிடிப்பார்.

கானமயிலை அங்கே கோடாவண் என்கிறார்கள். ராஜஸ்தானின் மாநிலப் பறவை. நான் நாலு தடவை போய் இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை ஜனவரி மாதம், காலை ஏழரை மணி. புல்லுக்கு மேலே வெள்ளையாக ஒரு கம்பு நட்டு வைத்தது போல இருந்தது. கம்பு நடந்தது. உங்கள் அப்பாரு சொன்ன மாதிரியேதான், ஆள் கணக்காக நிமிர்ந்து, அவசரமே இல்லாமல், நாலடி வைத்து நின்று, மறுபடி நாலடி. தலையில் கறுப்புத் தொப்பி, நெஞ்சில் கறுப்புப் பட்டை. ஒரு மீட்டர் உயரம் இருக்கும். ஆண் பறவை 15 கிலோ வரை வரும். பறக்கக்கூடிய பறவைகளில் இத்தனை கனமானவை உலகத்திலேயே சிலதான். ஒரு காலத்தில் தமிழ்நாடு வரைக்கும் இருந்த பறவை இது, அதனால் உங்கள் அப்பாவின் சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை. இன்றைக்கு உலகத்தில் மொத்தமே 150க்கும் குறைவு. அதில் பெரும்பங்கு ஜெய்சல்மேர் மாவட்டத்தில்தான்.

ஏன் இவ்வளவு குறைந்தது என்று உங்கள் அப்பா கேட்பார், அதனால் இதையும் எழுதுகிறேன். வேட்டை ஒரு பக்கம். மேய்ச்சல் நிலம் உழவு நிலமானது ஒரு பக்கம். வழக்கமாக ஒரு ஈட்டுக்கு ஒரே முட்டை, அதையும் தரையிலேயே இடும், நாய் தின்றுவிடும். இப்போது பெரிய எமன் மின்கம்பி. இந்தப் பறவைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே வரும் கம்பி சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் அந்தக் கனத்தோடு சட்டென்று திரும்ப முடியாது. அந்தப் பக்கம் சுமார் 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும் வருஷத்துக்கு 84,000 பறவைகள் கம்பியில் மோதிச் சாகின்றன என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் கணக்குச் சொன்னது. எல்லா இனமும் சேர்த்து. வனவிலங்குப் பாதுகாவலர் எம். கே. ரஞ்சித்சிங் போட்ட வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்குள் பதிக்கச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது.

நான் அந்தக் கம்பி போகும் வழியில் வேலை செய்தவன். ஒரு நாள் காலை டவருக்குப் போகும்போது லைனுக்குக் கீழே ஒரு பாறு, பிணந்தின்னிக் கழுகு, செத்துக் கிடந்தது. இறக்கையை விரித்தபடி, வெயிலில் படுத்திருப்பது போல. கூட வந்த உள்ளூர்ப் பையன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் அதன் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு வந்தான். கரண்ட் நமக்கு வேண்டும். நான் அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினேன். ஆனால் கம்பியைப் பூமிக்குள் பதிக்க முடிகிற இடத்தில் பதிக்கத்தான் வேண்டும். அன்றையிலிருந்து இதைக் கேட்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. சம் ஊரில் முட்டைகளை எடுத்து வைத்துக் குஞ்சு பொரிக்கும் மையம் 2019இல் தொடங்கியது. 2024இல் செயற்கைக் கருவூட்டல் மூலம் ஒரு குஞ்சும் பிறந்தது. அந்த மையத்துக்குள் நம்மை விடமாட்டார்கள், விடவும் கூடாது.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். சுதாசரிக்கு ஒரு நாள் போதாது, இரண்டு காலை ஒதுக்குங்கள். முதல் நாள் தென்படாவிட்டால் மறுநாளும் போகலாம். முந்தின நாளே டவுனில் வனத்துறையிடம் அனுமதி விவரம் கேட்டு, விடிவதற்கு முன் கிளம்புங்கள். எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் கானல் ஆடத் தொடங்கிவிடும், தூரத்தில் எதுவும் துல்லியமாகத் தெரியாது. நான் போனபோது உள்ளே ஒட்டக வண்டி கிடைத்தது, முட்டிக்கு நல்லது. பைனாகுலர் ஒன்று எப்படியாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். கானமயில் வராவிட்டாலும் சிங்காரா மான் நிச்சயம் பார்ப்பீர்கள். பாலைவன நரி, கழுகு வகைகள், கூட்டங்கூட்டமாகக் கல்கௌதாரி எல்லாம் இருக்கும்.

சம் மணல்மேட்டுக் கூடாரத்தில் மட்டும் தங்காதீர்கள். ராத்திரி பன்னிரண்டு வரை ஸ்பீக்கர் அலறும். பறவை குறைந்துகொண்டே வரும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் போடுவது எனக்குச் சம்மதமே இல்லை. மணல் பார்க்க வேண்டும் என்றால் குரி என்ற கிராமத்துக்குப் போங்கள், அமைதியாக இருக்கும்.

ஜனவரிக் காலையில் ஏழெட்டு டிகிரி. நம் ஊர் மார்கழிக் குளிர் கணக்கில் போர்வை எடுத்துப் போனால் பத்தாது. காதுக்குக் குல்லா, கம்பளிச் சட்டை, சாக்ஸ் கட்டாயம். மத்தியானம் சட்டையோடு நடக்கலாம்.

திருச்செங்கோடு_ரிக் எழுதியது:

உடுமலை அண்ணன் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நான் போர்வெல் ரிக் வண்டியோடு ஜோத்பூர், பலோதி, போக்ரான் பக்கம் மூன்று சீசன் போயிருக்கிறேன். போர் போடுகிறவனுக்கு அந்த ஊர் ஒரு பாடம். எத்தனை அடி இறக்கினாலும் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். அதனால் பழைய ஆட்கள் பூமிக்குள் தேடவில்லை, மேலே விழுவதைப் பிடித்து வைத்தார்கள்.

தேவி, குல்தராவுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். டவுனிலிருந்து 18 கிலோமீட்டர்தான். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, இருநூறு வருஷத்துக்கு முன் காலியான ஊர். பேய் ஊர் என்று கதை சொல்லித்தான் எல்லோரும் காட்டுவார்கள். திவான் சலீம் சிங்கின் கொடுமை தாங்காமல் ஒரே ராத்திரியில் ஊரே கிளம்பியது என்பார்கள். கிணறு வற்றிக் கொஞ்சங்கொஞ்சமாகப் போனார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதை விடுங்கள். அந்த ஆட்கள் விட்டுப்போன 'கடீன்' எங்கே என்று கேட்டு, அதைப் பாருங்கள். சுற்றிலும் பாறைச் சரிவு, கீழே பள்ளம், பள்ளத்தின் வாயில் நீளமாக ஒரு மண் கரை. மழை பெய்தால் சரிவுத் தண்ணீர் முழுக்க அங்கே வந்து நிற்கும். மெல்ல ஊறி இறங்கியதும் அந்த ஈரத்திலேயே குளிர் காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். பிறகு ஒரு சொட்டுப் பாய்ச்சல் கிடையாது. 15ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது, இன்னும் பல கடீன்களில் விவசாயம் உண்டு. ஜனவரியில் போனால் பயிர் பச்சையாக நிற்கும். சுற்றிலும் காய்ந்த கல்லாங்காடு, நடுவில் கொண்டைக்கடலை. நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வரப்பில் நின்று அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஆயிரம் அடி துளைத்தும் எடுக்க முடியாததை ஒரு மண் கரை கொடுக்கிறது.

சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. கம்பு ரொட்டி, மோர்க் குழம்பு மாதிரி கடி, கேர் சாங்கிரி என்று ஒரு காய்ப் பொரியல். அப்பா களி, கம்பஞ்சோறு சாப்பிடுகிறவர் என்றால் நம்மைவிட நன்றாகச் சாப்பிடுவார். எண்ணெயும் மிளகாயும் தூக்கலாக இருக்கும், குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரயில்: கோவையிலிருந்து ஹிசாருக்கு வாரம் ஒரு ஏசி வண்டி இருக்கிறது, ஜோத்பூர் வழியாகத்தான் போகும். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் இன்னும் ஐந்தாறு மணி நேரம். ஜெய்ப்பூரை விட்டுவிடுங்கள். வயசானவரோடு மூன்று ஊர் ஓடினால் ஒன்றும் மனசில் நிற்காது.

வெள்ளகோவில்_தேவி எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. சாயங்காலம் அப்பாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். கொழுக்கட்டைப் புல் என்றதும் "திரும்பப் படி" என்றார். ஜெய்ப்பூரை எடுத்துவிட்டேன். கோட்டை விஷயம் மட்டும் சொல்லுங்கள் அண்ணா. முட்டிதான் பயமாக இருக்கிறது. கோட்டைக்குள்ளேயே தங்கினால் ஏறி இறங்க வேண்டாம் என்று தோழி சொல்கிறாள்.

உடுமலை_காத்தாடி எழுதியது:

உள்ளே தங்க வேண்டாம் அம்மணி, காரணம் சொல்கிறேன். ஜெய்சல்மேர் கோட்டை 1156இல் ராவல் ஜெய்சல் கட்டியது. 99 கொத்தளம். இன்னமும் சில ஆயிரம் பேர் உள்ளே குடியிருக்கிறார்கள். கடை, கோயில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், எல்லாம் கோட்டைக்குள்தான். மழையே இல்லாத ஊருக்கு என்று கட்டினது அது. குடம் கணக்கில் தண்ணீர் புழங்கிய இடத்தில் குழாயும் லாட்ஜும் வந்து, கழிவுநீர் அடிவாரத்து மண்ணில் ஊறி, அது இளகிக் கொத்தளங்கள் சரிந்திருக்கின்றன. ஆபத்தில் இருக்கும் சின்னங்கள் என்ற உலகப் பட்டியலில் 1996லேயே இதன் பெயர் வந்துவிட்டது. 2013இல் ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இதுவும் அதில் ஒன்று. நாம் ஒரு ராத்திரி உள்ளே தங்கிக் குளிக்கும் தண்ணீரும் அந்தச் சுவருக்குள்தான் இறங்கும். வெளியே தங்குங்கள். மொட்டை மாடி உள்ள இடமாகப் பாருங்கள். மாலை வெயிலில் அந்த மஞ்சள் கல் முழுக்கத் தேன் நிறமாகும், வெளியிலிருந்து பார்த்தால்தான் அது தெரியும்.

ஏற்றம் படிக்கட்டு இல்லை, கல் பாவிய சரிவு. நாலு வாசல் தாண்டிப் போக வேண்டும். மெல்லப் போனால் அப்பாவால் முடியும், வழியெல்லாம் திண்ணை இருக்கிறது. கல் தேய்ந்து வழுக்கும், நல்ல செருப்பு போடச் சொல்லுங்கள். உள்ளே சமணக் கோயில்கள் காலையில் பாருங்கள். ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் லிப்ட் இருக்கிறது, அங்கே கவலையே இல்லை.

கொடுமுடி_டீச்சர் எழுதியது:

இந்தப் பேச்சைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. ரிக் தம்பி சொன்ன சாங்கிரி எது தெரியுமா? வன்னி மரத்தின் காய். கொடுமுடிக் கோயிலில் பிரம்மா சந்நிதி எந்த மரத்தடியில் இருக்கிறதோ, அதே வன்னி. பங்குனியில் பழனிக்குத் தீர்த்தக்காவடி எடுக்கும்போது காவிரித் தண்ணீரில் அதன் இலையைத்தான் போடுகிறோம். அங்கே அதன் பெயர் கேஜ்ரி, ராஜஸ்தானின் மாநில மரம். ஆட்டுக்குத் தழை, மனிதனுக்குக் காய், காட்டுக்கு நிழல்.

அதனால் ஜோத்பூரில் இறங்கியதும் கேஜட்லி கிராமத்துக்குக் கட்டாயம் போங்கள், இருபத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். 1730இல் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டும் என்று அரசனின் ஆட்கள் வன்னி மரங்களை வெட்ட வந்தார்கள். அமிர்தா தேவி என்ற பிஷ்னோய் சமூகப் பெண் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், வெட்டிவிட்டார்கள். அவருடைய மூன்று பெண்களையும் வெட்டினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வந்து மரத்துக்கு ஒருவராக நின்றார்கள். மொத்தம் 363 பேர். செய்தி அரசனுக்குப் போய் வெட்டு நிறுத்தப்பட்டது. அங்கே நினைவிடமும் மரங்களும் இருக்கின்றன. நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது நம் ஊர் வன்னி இலை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொல்வேன்.

நேரம் இருந்தால் மெஹ்ரான்கர் அடிவாரத்தில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. எழுபது ஹெக்டேரில் சீமைக்கருவேலத்தைப் பாறை இடுக்கிலிருந்து வேரோடு எடுத்து, அந்த மண்ணுக்கே உரிய செடிகளைத் திரும்ப வைத்திருக்கிறார்கள். 2011இல் திறந்தது. சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டும் நம் ஊர் ஆட்கள் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய இடம்.

ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் ரோட்டில் 17 கிலோமீட்டரில் ஆகல் கல்மரப் பூங்காவும் உண்டு. 18 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கம்பிக் கூண்டுக்குள் கட்டை மாதிரிதான் தெரியும், அரைமணி போதும். ஆனால் அந்த வெட்டவெளியில் நின்று, இங்கே ஒரு காலத்தில் பெருங்காடு இருந்தது என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

திருச்செங்கோடு_ரிக் எழுதியது:

டீச்சரம்மா, சாங்கிரியை மூன்று சீசன் சாப்பிட்டும் அது வன்னிக்காய் என்று எனக்குத் தெரியாது. இந்த வருஷம் காவடிக்கு வரும்போது அந்த மரத்தை நன்றாகப் பார்க்கிறேன்.

வெள்ளகோவில்_தேவி எழுதியது:

டிக்கெட் போட்டாச்சுங்க. ஜோத்பூரில் இரண்டு நாள், ஜெய்சல்மேரில் நாலு நாள். கேஜட்லி, சுதாசரி இரண்டு காலை, குல்தரா, கோட்டை. தங்குவது கோட்டைக்கு வெளியே, மொட்டை மாடி உண்டு என்று சொன்னார்கள். பைனாகுலர் எங்கள் கம்பெனியில் பறவை பார்க்க நஞ்சராயன் குளத்துக்குப் போகும் ஓர் அண்ணன் தருகிறேன் என்றிருக்கிறார்.

அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். அங்கே ஆடு மேய்க்கிறவர்கள் ராத்திரி பட்டி போடுகிறார்களா, திறந்த வெளியில் படுக்க வைக்கிறார்களா?

உடுமலை_காத்தாடி எழுதியது:

இரண்டும் பார்த்திருக்கிறேன். ஊருக்குப் பக்கத்தில் முள் வெட்டி வட்டமாக அடைத்துப் பட்டி போடுவார்கள். கிடை போகும்போது திறந்த வெளிதான், நாய் காவல். சுதாசரி போகும் வழியில் தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் மந்தையோடு வருவார்கள். வண்டியை நிறுத்தி அப்பாவை இறங்க விடுங்கள். பாஷை தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தால் அவர்களுக்குப் புரிந்துவிடும். பூங்காவுக்குள் புல், இலை எதையும் பறிக்க வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெள்ளகோவில்_தேவி எழுதியது:

சொல்லிவிட்டேன் அண்ணா. அங்கே பறிக்க மாட்டாராம். இன்று காலையே நம் காட்டில் முற்றின கொழுக்கட்டைப் புல் கதிர் ஒன்றைப் பறித்து, துண்டின் மூலையில் முடிந்து வைத்திருக்கிறார். அந்தப் புல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.